சுவரைப் பார்த்துப் படித்த பிள்ளைகள்

ஆறாம் மாடியில், எங்கள் அறைக் கதவுக்கு வெளியே, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளே என் மனைவி ஆங்கிலம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பாரிசில் ஒரு ஞாயிறு பிற்பகல். படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. சுவரில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், இரண்டு மாடி ஏறுவதற்குள் தானாக அணையும். அன்று அணைந்த விளக்கை நான் மறுபடி போடவில்லை. பொத்தான் அமுக்கும் சத்தம் உள்ளே கேட்டுவிடும் என்ற பயம்.

நான் வேலை செய்த உணவகத்தில் அன்று தண்ணீர்க் குழாய் வெடித்துச் சமையலறையை மூடிவிட்டார்கள். வழக்கத்துக்கு மாறாக மூன்று மணிக்கே வீடு திரும்பியிருந்தேன். கையில் திறப்பு இருந்தது, உள்ளே போகலாம். போகவில்லை. சொந்த வீட்டு வாசலில் நின்று சொந்த மனைவியை ஒட்டுக் கேட்டேன்.

காரணம் பொறாமை. அதற்கு நல்ல பெயராக ஒன்று தேடி வைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் போர்த்துக்கேய அம்மா வாளியோடு ஏறி வந்தார். இருட்டில் என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"திறப்பைத் தொலைத்துவிட்டீர்களா, மிசியே?"

"இல்லை, மதாம். மூச்சு வாங்குகிறேன்."

"சப்பாத்தில்லாமலா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார்.

மிச்சமிருந்த மாஸ்டர்

எண்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாச்சப்பல் பகுதியில் அப்போது தமிழ்க் கடைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எங்கள் அறை மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும் பெரிய தெருவில் இருந்தது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் கண்ணாடி நடுங்கும். வந்த புதிதில் நானும் சேர்ந்து நடுங்கினேன், பிறகு கண்ணாடி மட்டும் நடுங்கியது.

ஊரில் நான் ஆங்கில ஆசிரியர். பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம். சந்தையில் மீன் வாங்கப் போனாலும் "மாஸ்டருக்கு வழி விடுங்கோ" என்பார்கள். வழி விடாவிட்டாலும் அப்படிச் சொல்வார்கள், அது போதும் எனக்கு.

பாரிசில் பாத்திரம் கழுவினேன். சமையல்காரனுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. "ஏய், கண்ணாடி!" என்று கூப்பிடுவான். நான் கண்ணாடி போட்டிருந்ததால்.

மாஸ்டர் என்று என்னில் மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுதான். அதையும் எனக்குத் தேடித் தந்தவள் என் மனைவி தவமணி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராமல் போகலாம்.

தவமணி அடுத்த மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டில் ஒரு சீனர் நடத்திய தையல் பட்டறைக்கு வேலை செய்தாள். தைத்த சட்டைகளைப் பொதியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பொத்தான் தைத்து, நூல் வெட்டித் திருப்பிக் கொடுப்பாள். முதலாளி மிசியே லிம், கம்போடியாவிலிருந்து எங்களைப் போலவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த சீனர். ஒருநாள் அவர், "உங்கள் கணவர் ஊரில் என்ன செய்தார்?" என்று கேட்க, இவள் சொல்லியிருக்கிறாள். அவருக்கு லிசே என்ற உயர்பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி, அண்ணன் மகன் ஒருவன். இருவருக்கும் ஆங்கிலம் ஏறவில்லை.

மகள் பெயர் ஹுவா. பதினாறு வயது. அண்ணன் மகன் கெங் அவளுக்கு ஒரு வயது இளையவன். இருவரும் அகதி முகாமில் மூன்று வருடம் கழித்துவிட்டு வந்து, பிரெஞ்சைப் பிடித்து மேலே ஏறுவதற்குள் ஆங்கிலமும் வந்து வழியை மறித்தது.

ஹுவா மருந்துக்கடைப் படிப்புப் படிக்க ஆசைப்பட்டாள். வருட முடிவில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து யார் மேல் வகுப்புக்கு, யார் தொழில் பள்ளிக்கு என்று தீர்மானிப்பார்கள். ஆங்கிலத்தில் அவளுக்கு இருபதுக்கு நாலு. மற்றப் பாடங்கள் எல்லாம் தேறும், இந்த நாலு அவளைக் கீழே இழுத்துவிடும் என்று வகுப்பாசிரியை எழுதியே அனுப்பியிருந்தார்.

மிசியே லிம் அதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "தையல் பழக எதற்குப் பள்ளிக்கூடம்? என்னிடமே மெஷின் இருக்கிறது" என்றார். இருந்தது. பட்டறையில் ஆறு மெஷின் ஓட, ஏழாவது துணி போர்த்தி மூலையில் நின்றது. ஹுவா அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை என்று தவமணி சொன்னாள்.

நான் படிப்பித்த முறை

பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு இரண்டு பரீட்சை. ஒன்று கேட்டல்: ஆசிரியை கசற்றைப் போடுவார், இரண்டு முறை ஓடும், கேட்டது என்ன என்று எழுத வேண்டும். மற்றது வாசித்தல்: ஒரு பக்கம் பந்தி, கீழே கேள்விகள்.

இரண்டுக்கும் என்னிடம் ஊரில் கைபழகிய மருந்து இருந்தது. ஞாயிறு காலை முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி, கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு நிற்பேன். பிள்ளைகள் எதிரே இரண்டு முக்காலியில். பந்தியை நிறுத்தி நிறுத்தி, உதடு தெரிய வாசிப்பேன். பிறகு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. "முதலாவது... இரண்டாவது... மூன்றாவது..." என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர்கள் சரியானதை எழுத வேண்டும்.

பத்துக்கு எட்டு, ஒன்பது என்று எடுத்தார்கள். கெங் ஒருநாள் பத்துக்குப் பத்து. நான் தவமணியைப் பார்த்தேன். கண்டீரா என்ற பார்வை. அவள் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அதே நாலுதான். அடுத்த முறையும் நாலு.

"அங்கை கசற் மெஷின் பழசாயிருக்கும்" என்றேன். "நாடா இழுபடுகுது போலை." மெஷின்மேல் பழி போட்டால் அது திருப்பிப் பேசாது.

வாசித்தலுக்கும் என் முறை கண்டிப்பானது. பந்தியை முதலிலிருந்து கடைசிவரை வாசி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் பார், பிறகுதான் கேள்விக்குப் போ. பிள்ளைகள் கீழ்ப்படிவுள்ளவர்கள். அகராதி பார்த்து முடிக்கும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும், கேள்வி அடுத்த ஞாயிறுக்குப் போகும்.

தொலைபேசிக்காரி

தவமணி கல்யாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கயிறு கயிறாக இழுத்துச் செருகி, கொழும்பையும் கண்டியையும் பருத்தித்துறையையும் தொடுத்துவிடும் வேலை. சம்பந்தம் பேச வந்தபோது என் அக்கா, "முகம் தெரியாத ஆம்பிளையளோடை நாள் முழுக்கக் கதைக்கிற பிள்ளை" என்று மூக்கைச் சுளித்தாள். நான் அக்காவை மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. கல்யாணத்தோடு வேலையை விடட்டும் என்றேன். விட்டாள்.

அந்த வேலையைப் பற்றி அவள் அதிகம் கதைத்ததில்லை. ஒருமுறை மட்டும் சொன்னாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்பில் பெயர் பாதிதான் கேட்டதாம். மீதியைத் தானே ஊகித்து ஒரு வீட்டுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் பின்னேரம் வரை ஒப்பாரி. செத்தவர் அந்த வீட்டுக்காரரே இல்லை.

"கேட்டதைத் திருப்பிச் சொல்லோணும். கேளாததைக் கேக்கேல்லை எண்டு சொல்லோணும். இடையிலை எங்கடை கைச்சரக்குப் போடக்கூடாது" என்றாள். "எங்களுக்கு அவ்வளவும்தான் சட்டம்."

நான் கொட்டாவி விட்டேன் என்று நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் உணவகத்தில் என்னோடு பாத்திரம் கழுவியவன் கையை முறித்துக்கொண்டான். ஒரு மாதம் ஞாயிறும் நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. வகுப்பை நிறுத்திவிடலாம் என்றேன்.

"பாவங்கள், சோதினை வருகுது. நான் சும்மா வாசிச்சு விடுறன்" என்றாள் தவமணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, என்ரை கொப்பியிலை இருக்கிறதை அப்பிடியே வாசியும். விளக்கம் ஒண்டும் குடுக்க வெளிக்கிடாதையும்" என்றேன்.

மறுபடியும் கதவடியில்

இருட்டில் நின்று நான் கேட்டது இதுதான். அவள் வாசித்தது என் கொப்பியில் இருந்த பந்தி இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு ஒன்றைத் தானே எழுதியிருந்தாள். எந்த மேடை, எத்தனை மணி, எந்த ரயில் தாமதம் என்று. சாதாரண வேகத்தில், எங்கும் நிறுத்தாமல் வாசித்தாள். நடுவில் மெத்ரோ வந்தது. அவள் குரலை உயர்த்தவுமில்லை, காத்திருக்கவுமில்லை. ரயில் இரண்டு வரியை விழுங்கிக்கொண்டு போனது.

"பயணிகள் எந்த மேடைக்குப் போக வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நாலாம் மேடை என்று கதவுக்கு வெளியே நான் மனதில் சொல்லிக்கொண்டேன்.

"கேட்கவில்லை, மதாம். ரயில் வந்துவிட்டது" என்றாள் ஹுவா.

"சரி. கேட்காததைக் கேட்கவில்லை என்றாய், நல்லது. கேட்டது என்ன?"

"மேடை மாறியிருக்கிறது என்று கேட்டது. எதற்கு மாறியது என்பது கேட்கவில்லை."

"இப்போது மறுபடி வாசிக்கிறேன். உனக்குத் தேவையான அந்த ஒன்றுக்கு மட்டும் காதை வைத்திரு."

மறுபடி வாசித்தாள். ஏழாம் மேடை. பட்டம் பெற்ற நான் நாலு என்று ஊகித்திருந்தேன். அப்போதுதான் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன், அதற்கு மேல் தாங்கவில்லை.

பிள்ளைகள் இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தவமணி அவர்களுக்குப் பின்னால், அடுப்படியில் கைகட்டி நின்றாள்.

"என்ன இது, தண்டனையோ?"

அவள் முகம் ஒரு மாதிரியாகியது. "எனக்குக் கூச்சமப்பா. ஆக்கள் முகத்தைப் பாத்தா வாய் வராது. எக்ஸ்சேஞ்சிலை ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லைத்தானே?"

எனக்கு அந்தப் பதில் இனித்தது. கூச்சக்காரி, வகுப்பெடுக்கப் பழக்கமில்லை. கண்டவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

பதினொன்று

அடுத்த பரீட்சையில் ஹுவாவுக்கு ஏழு. அதற்கடுத்ததில் பதினொன்று.

அந்தத் தாளோடு அவள் ஆறு மாடியும் ஓடி ஏறி வந்தாள். கதவைத் திறந்தவன் நான். என் பக்கவாட்டால் எட்டிப் பார்த்து, "மதாம் இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கேயாவது பிழை இருக்கும் என்று தேடினேன், ஒரு வினைச்சொல்லில் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியை பார்க்காமல் விட்டது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டுக் கொடுத்தேன். பதினொன்று எடுத்த பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

கைமுறிந்தவன் வேலைக்குத் திரும்பிய பிறகும் கேட்டல் அவளிடமே நின்றுவிட்டது. வாசித்தலாவது என்னுடையது என்றிருந்தேன். அதிலும் பார்த்தால், பிள்ளைகள் பந்தியை வாசிக்காமல் நேரே கேள்விக்குப் போய், கேட்ட ஊரையோ ஆண்டையோ விரலால் பக்கத்தில் மேலிருந்து கீழ் தேடிப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் நிதானமாக வாசிக்கிறார்கள். ரெலிபோன் புத்தகத்தில் பெயர் தேடுகிற மாதிரி. யார் பழக்கியது என்று நான் கேட்கவில்லை.

லூயி-பிளாங் தெருவில் மரக்கறி வாங்க நின்றபோது, கடையில் வேலை செய்யும் செல்வம் தராசைப் பிடித்தபடி கேட்டான்.

"அண்ணை, அக்காட்டை என்ரை மருமோனையும் இங்கிலிசுக்கு விடலாமோ?"

"நான்தானே மாஸ்டர்?"

"ஓம் ஓம், நீங்கள்தான் மாஸ்டர். ஆனா அக்காதானே படிப்பிக்கிறா?"

அவன் கள்ளமில்லாமல்தான் கேட்டான். முருங்கைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு நடந்தேன். ஊரில் எனக்கிருந்த வீட்டை, வேலையை, பெயரை எல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குப் பலமில்லை. இதை எடுத்தவளோ பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

பட்டறையில் நான் சொன்னது

கடைசிப் பரீட்சை ஒரு வாரத்தில். அந்த வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பட்டறைக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன்.

மிசியே லிம்மைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: "என் மனைவி ஆசிரியை அல்ல. தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தவள். படிப்பிக்க அவளிடம் சான்றிதழ் கிடையாது. பரீட்சை நெருங்குகிறது. உங்கள் மகளின் எதிர்காலம், அதனால் சொல்கிறேன்."

ஒரு பொய்யும் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் தலையைத் தாழ்த்தினார். "நீங்கள்தான் ப்ரொஃபெசர். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது" என்றார். மூலையில் அந்த ஏழாவது மெஷின் இருந்தது. அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தவமணியிடம், "ஞாயிறு நான் எடுக்கிறன். மிசியே லிம் நான்தான் வேணுமெண்டு நிக்கிறார்" என்றேன். இது பொய்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். "அப்ப சரி" என்றாள்.

சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. ஞாயிறு பிள்ளைகள் வருவதற்கு முன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு, "நான் கால்வாய்ப் பக்கம் போயிட்டு வாறன்" என்று இறங்கிப் போனாள்.

தலை

பிள்ளைகள் வந்தார்கள். நான் கொப்பியைத் திறந்தேன். ஹுவா ஒரு சத்தமும் போடாமல் முக்காலியைத் தூக்கித் திருப்பி வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கெங்கும் திருப்பினான்.

"மதாம் கூச்சக்காரி. எனக்கு அந்தக் கூச்சமில்லை. இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்றேன்.

திரும்பினார்கள். நான் வாசித்து முடித்து முதல் கேள்வியைக் கேட்டு, விடைகளைச் சொல்லத் தொடங்கியதும் ஹுவா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற!"

திறந்தாள். கண்ணில் நீர். "மிசியே, வியாழக்கிழமை பரீட்சை. நான் கேட்க வேண்டும். தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ள விடுங்கள்."

"என் முகத்தைப் பார்த்தால் என்ன வந்தது உனக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கெங்தான் எழுந்து நின்றான். என் கொப்பியை வாங்கி, என் குரலிலேயே, "முதலாவது... இரண்டாவது... மூன்றாவது..." என்று வாசித்தான். மூன்றாவது வரும்போது அவன் தலை ஒரு துளி வலப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"உங்கள் தலை சொல்லிவிடும், மிசியே. சரியான விடை வரும்போது ஒவ்வொரு முறையும். நாங்கள் பந்தியைக் கேட்பதேயில்லை. உங்கள் தலையைத்தான் பார்ப்போம்."

ஓம் என்பதை வாயால் சொல்வதற்கு முன் தலையால் சொல்லும் சனம் நாங்கள். தலை சாய்வது எங்களுக்கே தெரிவதில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தலை அப்படித்தான் ஆடும், ஆகவே யாரும் அதைப் பார்ப்பதுமில்லை. கம்போடியாவிலிருந்து வந்த இரண்டு சீனப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பத்துக்கு எட்டு, ஒன்பது எல்லாம் என் தலைக்குக் கிடைத்த புள்ளிகள். பருத்தித்துறையில் என்னிடம் படித்துச் சித்தியடைந்த பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்னைக் கலக்கின.

"இது மதாமுக்குத் தெரியுமா?"

"முதல் ஞாயிறே தெரியும்" என்றாள் ஹுவா. "மதாம் கொப்பிக்குள் குனிந்து, தலையை அசைக்காமல் வாசித்தபோது எங்களுக்கு ஒன்றுமே எழுத வரவில்லை. ஏன் என்று கேட்டார், சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகுதான் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். மிசியேயிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது என்றார்."

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது பொறாமையேதான். என் தலையைக்கூட என்னைவிட அவள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறாள்.

கால்வாய் ஓரம்

"இருங்கள், வருகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்டாலின்கிராட் வரை ஏறக்குறைய ஓடினேன்.

கால்வாய்க் கரையில் ஒரு வாங்குப் பலகையில் தவமணி தனியாக இருந்தாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்திருந்தாள்.

"வாரும். பிள்ளையள் காத்துக்கொண்டிருக்குதுகள்."

"உங்களைத்தானே கேட்டவை?"

"அவர் கேக்கேல்லை. நான்தான் போய்ச் சொன்னனான். நீர் ஆசிரியை இல்லையெண்டு."

"தெரியும்" என்றாள். "வெள்ளிக்கிழமை பொதி எடுக்கப் போகேக்கை முதலாளி சொன்னவர். ரெலிபோன் வேலைதானாமே மதாம், ஏன் எனக்கு மறைச்சனீங்கள் எண்டு கேட்டவர். பக்கத்திலை தைக்கிற பெடிச்சியள் எல்லாம் இருந்தவை."

நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்.

"என்ரை தலை விசயம்... அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா பிறகு நீங்கள் படிப்பிச்சிருப்பியளோ?"

மாட்டேன். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"எவ்வளவு நேரமாத் தனிய விட்டிட்டு வந்தனீங்கள் அதுகளை?" என்று கேட்டு எழுந்தாள். பதிலுக்கு நிற்காமல் வீட்டுப் பக்கம் விறுவிறு என்று நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அன்று அவள் பொழுது சாயும் வரை வாசித்தாள். நான் ஒரு மூலையில் இருந்து அவளுடைய சட்டைகளுக்கு நூல் வெட்டினேன், இரண்டு சட்டையில் துணியையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

பேனா

ஹுவாவுக்கு வியாழக்கிழமைப் பரீட்சையில் பதின்மூன்று. மேல் வகுப்புக்கு அனுமதித்துவிட்டார்கள். கெங்கும் தப்பினான்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, மிசியே லிம் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆறு மாடியும் ஏறி வந்தார். அதுவரை அவர் வீட்டுக்கு வந்ததில்லை. சாம்பல் நிறக் கோட்டு, வியர்த்த நெற்றி. வாசலிலேயே நின்று, சின்னப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் என் முன் நீட்டினார். திறந்து பார்த்தேன். தங்க முனை வைத்த பேனா.

"நன்றி, ப்ரொஃபெசர்."

சொல்ல வேண்டியதை நான் முன்கூட்டியே பாடமாக்கி வைத்திருந்தேன். "மிசியே லிம், உங்கள் மகளைப் படிப்பித்தது நானில்லை. என் மனைவி. நான் படிப்பித்ததில் பிள்ளைக்கு நாலுதான் வந்தது. பதின்மூன்று இவள் எடுத்துக் கொடுத்தது" என்றேன். என் பிரெஞ்சு அன்று திக்கவில்லை.

அவர் புன்னகைத்தார். மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். ஹுவா தரையைப் பார்த்தபடி எனக்குச் சொன்னாள்: "அப்பா சொல்கிறார், நீங்கள் பெரிய மனிதராம். அதனால்தான் புகழை ஏற்காமல் இப்படிச் சொல்கிறீர்களாம்."

"இல்லை, இது உண்மை!" என்றேன் நான். அவர் இன்னும் குனிந்து வணங்கினார். நான் மறுக்க மறுக்க அவர் கண்ணில் என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஹுவா, "அப்பா, மிசியே சொல்வது சரி, மதாம்தான்..." என்று தொடங்க, அவளைப் பார்த்து ஒரே சொல்லில் அதட்டினார். அது என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. நன்றி கெட்டவள் என்பதாக இருக்கலாம். அவள் முகம் சிவந்து வாயை மூடிக்கொண்டாள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தவமணி ஆசிரியை இல்லை என்று நான் ஒரு தரம் சொன்னேன், உடனே நம்பினார். அவள்தான் ஆசிரியை என்று மூன்று தரம் சொன்னேன், நம்பவில்லை.

தவமணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, கதவுக்கு வெளியே படிக்கட்டில் வைத்திருந்த பொதியைத் தூக்கி வந்து அவள் முன் வைத்தார். வெள்ளைச் சட்டைகள். "மதாம், செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும்" என்றார். அவரும் மகளும் இறங்கிப் போனார்கள். ஹுவா இரண்டாம் வளைவு வரை திரும்பித் திரும்பித் தவமணியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் பேனாப் பெட்டியைத் தவமணியிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? பொத்தான் தைக்க ஊசியெல்லோ வேணும்" என்று சொல்லிக்கொண்டே பொதியை அவிழ்த்தாள். முதல் சட்டையை மடியில் விரித்தாள். "நீங்களே வைச்சிருங்கோ, மாஸ்டர்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.